கிளச் மாற்றிய பின்னும் வாகனம் இழுக்கவில்லையா? கராஜுடன் பேசுவதற்கு முன் அறிந்திருக்க வேண்டியவை

யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து மீண்டும் எழுந்த பல குடும்பங்களுக்கு இன்று ஒரு வாகனமே பிரதான சொத்து. லீசிங்கில் எடுத்த ஓட்டோ, சந்தைக்கு மரக்கறியும் மீனும் ஏற்றும் பட்டா, பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஹயஸ் வான் என்று அது எதுவாகவும் இருக்கலாம். வாகனம் கராஜில் நிற்கும் நாளில் வீட்டுக்கு வருமானம் இல்லை. ஆனால் மாதத் தவணை எந்த நாளும் நிற்பதில்லை.

இந்த நிலையில் கிளச் திருத்த வேலை பிழைத்துப்போவது சாதாரண தொல்லை அல்ல. கிளச்சைத் தொடுவதென்றால் பெரும்பாலான கார்களிலும் வான்களிலும் முழுக் கியர் பெட்டியையும் இறக்க வேண்டும். சாமான் விலையுடன் கூலியும் பெரிய தொகையாக வரும். வேலை சரியாகச் செய்யப்பட்டதா என்பதை வெளியில் நின்று பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஒரு மாதத்துக்குள் அதே கோளாறு திரும்பி வந்தால், கராஜ்காரர் சாரதியைக் குறை சொல்வார். சாரதி கராஜ்காரரைக் குறை சொல்வார். இடையில் இன்னொரு தடவை காசு கட்டுவது வாகன உரிமையாளர்தான்.

இத்தகைய சந்தர்ப்பத்தில் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, சட்டம் எந்தளவுக்குக் கைகொடுக்கும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பற்றுச்சீட்டு கேட்காத பழக்கம்

எமது பிரதேசங்களில் கராஜில் பற்றுச்சீட்டு கேட்பவர்கள் குறைவு. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகங்கள் எதுவும் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் ஒழுங்காக வரவில்லை. பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு வாகனத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றுக்குப் பொருத்தியும், தேய்ந்ததைக் கடைந்து திருப்பிப் போட்டும் எமது மெக்கானிக்மார் வாகனங்களை ஓடவைத்தார்கள். நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றதும், இடம்பெயர்ந்த சனத்தை ஏற்றி இறக்கியதும் அந்த வாகனங்கள்தான். அந்தக் காலத்தில் பற்றுச்சீட்டுக்கோ உத்தரவாதத்துக்கோ இடம் இருக்கவில்லை. "அண்ணை பார்த்துச் செய்து தருவார்" என்ற நம்பிக்கை மட்டுமே இருந்தது.

அந்த நம்பிக்கை மதிக்கத்தக்கது. ஆனால் நிலைமை மாறிவிட்டது. இன்று உதிரிப்பாகம் பெட்டியில், பெயரோடும் இலக்கத்தோடும் வருகிறது. அதே பெயரில் போலியும் வருகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 ஆரம்பத்தில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இதனால் பழைய வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டிய நிலை ஏற்பட்டது. 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது உதிரிப்பாக விலைகளும் எகிறின. விலை கூடும்போது, பழைய பிளேட்டுக்குப் புதிய லைனிங் அடித்துப் போடுவதும், மாற்ற வேண்டிய மூன்று பாகங்களில் ஒன்றை மட்டும் மாற்றிவிடுவதும் கூடும். இதைச் சொல்லிச் செய்தால் அது வாடிக்கையாளரின் தெரிவு. சொல்லாமல் செய்து புதியதற்கான காசை வாங்கினால் அது ஏமாற்று.

கிளச் என்ன செய்கிறது?

என்ஜின் எப்போதும் சுழன்றுகொண்டிருக்கும். சில்லுகள் சில நேரம் நிற்க வேண்டும், சில நேரம் சுழல வேண்டும். இந்த இரண்டையும் தேவைக்கேற்ப இணைப்பதும் பிரிப்பதும் கிளச்சின் வேலை. என்ஜினோடு சுழலும் பாரமான வட்டத் தட்டு பிளைவீல். அதோடு ஒட்டி நிற்பது, இரண்டு பக்கமும் உராய்வுப் பொருள் பதித்த கிளச் பிளேட். அதைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். நாம் பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பெயரிங் முன்னே சென்று பிரஷர் பிளேட்டின் பிடியைத் தளர்த்தும். பெடலுக்கும் இதற்கும் இடையில் கேபிள் இருக்கும். அல்லது பிரேக் போல ஒயில் அழுத்தத்தில் இயங்கும் மேல், கீழ் சிலிண்டர்கள் இருக்கும்.

கிளச் பிளேட் உலர்ந்து இருந்தால்தான் பிடிக்கும். என்ஜினின் பின்பக்க ஒயில் சீல் அல்லது கியர் பெட்டியின் முன்பக்க சீல் கசிந்து அதன் மேல் ஒயில் பட்டால், புதிய பிளேட்டும் வழுக்கும். ஆகவே கியர் பெட்டியை இறக்கும்போதே சீல்களைப் பார்ப்பதும், ரிலீஸ் பெயரிங்கை மாற்றுவதும், பிளைவீலின் முகம் எரிந்தோ வரிவரியாகவோ இருந்தால் லேத்தில் மட்டம் பிடிப்பதும் நல்ல வேலையின் அடையாளம். இவற்றைத் தவிர்த்தால் இன்று சில ஆயிரம் மிச்சம். நாளை கூலி முழுவதும் இரண்டாம் தடவை.

பஜாஜ் போன்ற ஓட்டோக்களின் கிளச் இதிலிருந்து வேறுபட்டது. அதில் பல பிளேட்கள் ஒயிலுக்குள்ளேயே இயங்கும். அங்கே பிளேட் சரியாக இருந்தும் பொருத்தமற்ற ஒயில் ஊற்றினால் வழுக்கலாம். கார்களுக்கென்று வரும் சில ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் கலவை உண்டு. ஓட்டோ வைத்திருப்பவர்கள் கிளச் வேலைக்குப் பிறகு எந்த ஒயில் ஊற்றப்பட்டது என்று கேட்பது அவசியம்.

அறிகுறி சொல்லும் செய்தி

"கிளச் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் கராஜில் வாக்குவாதம்தான் மிஞ்சும். என்ன நடக்கிறது என்று குறிப்பாகச் சொன்னால் பேச்சு வேறு விதமாக இருக்கும்.

என்ஜின் இரைகிறது, ஆனால் வேகம் கூடவில்லை. ஏற்றத்திலோ பாரத்துடனோ எரிந்த மணம் வருகிறது என்றால் கிளச் வழுக்குகிறது. பிளேட்டில் ஒயில் பட்டிருக்கலாம், கேபிள் இறுக்கமாகச் சரிசெய்யப்பட்டிருக்கலாம், தளர்ந்த பழைய பிரஷர் பிளேட்டையே திருப்பிப் போட்டிருக்கலாம், அல்லது வாகனத்துக்குப் பொருந்தாத பிளேட்டாக இருக்கலாம்.

பெடலை முழுதாக மிதித்தும் கியர் விழும்போது உரசும் சத்தம் கேட்டால், குறிப்பாக ரிவேர்ஸ் கியரில் கேட்டால், கிளச் முழுதாகப் பிரியவில்லை. கேபிள் தளர்வு, சிலிண்டரில் காற்று, பொருத்தும்போது வளைந்த அல்லது திருப்பிப் போடப்பட்ட பிளேட் என்பன காரணமாகலாம்.

பெடல் அடிவரை இறங்கி அங்கேயே நின்றால் சிலிண்டர் கசிவையோ காற்றையோ பார்க்க வேண்டும். புறப்படும்போது வாகனம் உதறினால் ஒயில் பட்ட பிளேட், மட்டம் பிடிக்காத பிளைவீல், தளர்ந்த என்ஜின் மவுண்டிங் என்பவற்றைச் சந்தேகிக்கலாம். பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது பெரும்பாலும் ரிலீஸ் பெயரிங். பெடலை விட்டிருக்கும்போது வந்து, மிதித்தால் நின்றுபோகும் சத்தம் என்றால் கியர் பெட்டிக்குள் இருக்கும் பெயரிங்காக இருக்கலாம். அது கிளச் வேலையோடு சம்பந்தமில்லாத பழைய கோளாறாகவும் இருக்கக்கூடும்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். எல்லாக் கோளாறுக்கும் கராஜ் பொறுப்பல்ல. அரைக் கிளச்சில் ஏற்றத்தில் நிறுத்துவது, பெடலில் காலை வைத்தபடியே ஓடுவது, அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றுவது போன்றவற்றால் நல்ல புதிய பிளேட்டும் விரைவில் எரிந்துபோகும். மலிவு என்று வாடிக்கையாளரே வாங்கிக் கொடுத்த பிளேட் பழுதானால் அதற்கு மெக்கானிக் பொறுப்பேற்கமாட்டார். பொருத்திய வேலைக்கு மட்டுமே அவர் பொறுப்பு. மறுபுறம், ஒழுங்காக ஓட்டப்படும் வாகனத்தில் பல ஆயிரம் கிலோமீற்றர் தாங்க வேண்டிய கிளச், சில கிழமைகளிலேயே பழைய அறிகுறியைக் காட்டினால், விளக்கம் கேட்கும் உரிமை உங்களுக்கு நிச்சயமாக உண்டு.

முதலில் செய்ய வேண்டியவை

முதலாவது, வாகனத்தை ஓட்டுவதை நிறுத்துங்கள். வழுக்கும் கிளச்சோடு இன்னும் இரண்டு நாள் ஓடினால் பிளைவீலும் எரியும். "நீங்கள்தான் ஓடிக் கெடுத்தீர்கள்" என்ற பதிலுக்கும் அது வழிவிடும்.

இரண்டாவது, அவசரப்பட்டு இன்னொரு கராஜில் கழற்றிப் பார்க்கவேண்டாம். பலர் விடும் தவறு இதுதான். கியர் பெட்டியை இன்னொருவர் இறக்கிய பிறகு, முதல் கராஜ்காரர் "நான் பூட்டியபடி இல்லை" என்று சொன்னால் அதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

மூன்றாவது, பதிவு செய்யுங்கள். கைத்தொலைபேசியில் சத்தத்தையும் அறிகுறியையும் காணொளியாக எடுங்கள். வேலை முடிந்த நாளிலும் கோளாறு தொடங்கிய நாளிலும் கிலோமீற்றர் மானி காட்டிய அளவைக் குறித்துவையுங்கள். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் வங்கிக்குக் காசு மாற்றிய பதிவு, வட்ஸ்அப் உரையாடல், அழைப்பு நேரங்கள், சாமான் பெட்டியின் படம் என்று கிடைப்பதையெல்லாம் சேர்த்துவையுங்கள். வாகனத்தைக் கொண்டுபோய் விட்டபோது கூட வந்தவர் யார் என்பதையும் எழுதுங்கள்.

நான்காவது, அதே கராஜுக்கு உடனே தெரியப்படுத்துங்கள். ஒரு மாதம் பொறுத்துவிட்டுச் சொல்வதற்கும் அடுத்த நாளே சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

கராஜுடன் பேசும் முறை

எமது ஊர்களில் கராஜ்காரர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். உறவினராகவோ, கூடப் படித்தவராகவோ, முகாமில் ஒன்றாக இருந்தவராகவோ இருக்கக்கூடும். அதனால் சிலர் வாய் திறக்காமல் நட்டத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். வேறு சிலர் சந்தியில் நின்று சத்தம் போடுகிறார்கள். இரண்டாலும் வாகனம் திருந்தப்போவதில்லை.

வேலை நெருக்கடி இல்லாத நேரத்தில் நேரில் செல்லுங்கள். குற்றம் சாட்டாமல் அறிகுறியைச் சொல்லி, அவரையே உங்களோடு வாகனத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்தெந்தப் பாகங்கள் மாற்றப்பட்டன, அவை புதியவையா, லைனிங் அடித்தவையா? கழற்றிய பழைய பாகங்கள் எங்கே? சீல், பெயரிங், பிளைவீல் ஆகியவற்றைப் பார்த்தீர்களா?

திரும்பக் கழற்ற இணங்கினால், கழற்றும்போது நீங்களோ உங்கள் சார்பில் விடயம் தெரிந்த ஒருவரோ கூட நிற்பதாகச் சொல்லுங்கள். கழற்றியதும் படம் எடுங்கள். ஒயில் ஊறிய பிளேட்டையும், சூட்டில் எரிந்து நீலம் பாய்ந்த பிளைவீலையும், ஒரு பக்கமாகத் தேய்ந்த முகத்தையும் பார்த்தால் காரணத்தைப் பற்றிய வாக்குவாதம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். வேலைப் பிழை என்றால் கூலி இல்லாமல் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதையும், சாமான் பிழை என்றால் விற்ற கடையிடம் யார் மாற்றி எடுப்பது என்பதையும் கழற்ற முன்னரே பேசி முடிவெடுங்கள்.

வாய்ப்பேச்சு பலன் தராவிட்டால் எழுத்தில் கொடுங்கள். நீண்ட கடிதம் தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்:

"எனது இன்ன இலக்க வாகனத்தின் கிளச் வேலை உங்கள் கராஜில் இன்ன திகதியில் செய்யப்பட்டு, இவ்வளவு ரூபா செலுத்தினேன். இன்ன திகதியில், இத்தனை கிலோமீற்றர் ஓடிய நிலையில், இன்ன கோளாறு ஏற்பட்டது. அன்றே உங்களுக்குத் தெரிவித்தேன். எனது முன்னிலையில் பரிசோதித்து, 14 நாட்களுக்குள் மேலதிகக் கட்டணமின்றிச் சரிசெய்து தரவும். இயலாவிடின் செலுத்திய பணத்தைத் திருப்பித் தரவும் கேட்டுக்கொள்கிறேன்."

பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வட்ஸ்அப்பிலும் அனுப்பிவையுங்கள்.

பதில் வராவிட்டால், அல்லது பொறுப்பேற்க மறுத்தால், அப்போதுதான் இரண்டாவது கருத்தைப் பெற வேண்டும். தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உள்ள மெக்கானிக் ஒருவரிடம், அல்லது முகவர் நிறுவனத்தின் சேவை நிலையத்தில், கண்டதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். பரிசோதிக்கும் நாளை முதல் கராஜுக்கு முன்கூட்டியே அறிவித்து வரச்சொல்லுங்கள். அவர் வராவிட்டாலும் நீங்கள் அழைத்தது பதிவில் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் கராஜுக்கும் பொருந்தும். அதன் 32ஆம் பிரிவின்படி, வியாபாரமாகச் சேவை வழங்கும் ஒருவர் அதை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்ய வேண்டும். அவர் பயன்படுத்தும் பொருட்கள் அந்தத் தேவைக்குத் தகுந்தவையாக இருக்க வேண்டும். இந்த உத்தரவாதம் எழுதப்படாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கியிருப்பதாகவே கருதப்படும். ஆகவே "நான் கரண்டி குடுக்கேல்லைத்தானே" என்ற பதில் பொறுப்பைத் தட்டிக்கழிக்கப் போதாது. பொருள் வாங்கியவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்பதும் இதே சட்டத்தில் உண்டு.

அதிகார சபைக்கான முறைப்பாடு எழுத்தில், பொருள் விற்கப்பட்ட அல்லது சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். இந்தக் கால எல்லையைத் தவறவிடக்கூடாது. "அடுத்த கிழமை பார்ப்பம்" என்று இழுத்தடிக்கும்போது இந்த மூன்று மாதமே கரைகிறது. மாவட்டச் செயலகங்களில் அதிகார சபையின் அலுவலகங்கள் இயங்குகின்றன. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். உத்தரவாதத்துக்கு அமையாத பாகம் விற்கப்பட்டிருந்தால் இந்த வழி வலுவானது. விசாரணையின் பின்னர் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு.

வேலைப்பிழைதான் தகராறு என்றால் மத்தியஸ்த சபை மிகவும் நடைமுறைக்கு உகந்தது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இச்சபைகள் பெரும்பாலும் வார இறுதி நாட்களில், பாடசாலை போன்ற பொது இடங்களில் கூடுகின்றன. அங்கே சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. இரு தரப்பும் நேரடியாகப் பேசலாம். செலவும் பெரிதாக இல்லை. சாதாரண கிளச் வேலையின் பெறுமதியுள்ள தகராறுகள் பொதுவாக முதலில் இங்கேதான் வரவேண்டும். இணக்கம் ஏற்பட்டால் அது எழுத்தில் பதியப்படும். ஏற்படாவிட்டால் இணக்கம் காணப்படவில்லை என்ற சான்றிதழ் தரப்படும். அதைக் கொண்டே நீதிமன்றம் செல்லலாம்.

வாய்மொழி ஒப்பந்தத்தின் மீதான வழக்குக்கு, காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி மூன்று வருட எல்லை உண்டு. வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகங்களில் இலவச ஆலோசனை பெறலாம். மோசடியோ அச்சுறுத்தலோ இருந்தால் பொலிஸில் முறையிடலாம். ஆனால் வெறும் வேலைப்பிழை குடியியல் விடயம். பொலிஸார் அதைத் தீர்ப்பதை எதிர்பார்க்க முடியாது.

இந்த முறைப்பாடுகளைத் தமிழில் எழுதலாம், தமிழில் பதிலும் கேட்கலாம். அது சலுகை அல்ல, அரசியலமைப்பு தரும் உரிமை. சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட எதிலும் விளங்காமல் கையொப்பமிடவேண்டாம்.

வாகனத்தைத் தர மறுத்தால்

திருத்திய கூலி கிடைக்கும்வரை வாகனத்தைத் தன்னிடம் வைத்திருக்கும் உரிமையை எமது நாட்டின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம் திருத்துநருக்கு அளிக்கிறது. ஆகவே இரவோடிரவாக வாகனத்தை எடுத்து வருவது பிரச்சினையை உங்கள் பக்கம் திருப்பிவிடும். தொழிலுக்கு வாகனம் உடனே தேவையென்றால், கேட்கும் தொகையைச் செலுத்திவிட்டு, "ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன்" என்று பற்றுச்சீட்டிலோ ஒரு குறுஞ்செய்தியிலோ எழுதிப் பதிவாக்குங்கள். பணம் கொடுத்ததால் நீங்கள் வேலையை ஏற்றுக்கொண்டீர்கள் என்று பின்னர் வாதிடுவதை அது கடினமாக்கும்.

லீசிங் நிலுவை வரும் என்று தெரிந்தால், தவணை நாளுக்கு முன்பே நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து அவகாசம் கேளுங்கள். அவகாசம் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. ஆனால் தவணை தவறிய பிறகு சொல்வதைவிட இது மேல்.

கணவரை இழந்து சாரதி வைத்து வாகனம் ஓடுவிக்கும் பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கராஜுடன் பேசுவதும் காசு கொடுப்பதும் சாரதி வழியாகவே நடந்தால், தகராறு வரும்போது உரிமையாளரிடம் எந்தப் பதிவும் இராது. மதிப்பீட்டை உங்கள் தொலைபேசிக்கு அனுப்பச் சொல்லுங்கள். காசை நீங்களே வங்கி மூலம் செலுத்துங்கள். வெளிநாட்டிலிருந்து உறவுகள் கராஜுக்கு நேரடியாகக் காசு அனுப்பும்போதும் இதே கவனம் தேவை. அனுப்பிய பதிவின் பிரதி வாகனம் வைத்திருப்பவரிடம் இருக்கட்டும்.

அடுத்த முறை வாகனத்தைக் கொடுக்கும்போது

வேலை தொடங்க முன்னரே ஒரு கொப்பித் தாளிலாவது நான்கு விடயங்களை எழுதி வாங்குங்கள்: மாற்றப்போகும் பாகங்களும் அவை புதியவையா பாவித்தவையா என்பதும், சாமான் விலையும் கூலியும் வெவ்வேறாக, முடித்துத் தரும் திகதி, எத்தனை மாதத்துக்கு அல்லது எத்தனை கிலோமீற்றருக்கு உத்தரவாதம் என்பது. கழற்றும் பழைய பாகங்கள் உங்களுக்குத் திருப்பித் தரப்பட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பழைய பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் மாற்ற வேண்டிய தேவை உண்மையில் இருந்ததா என்பதும் தெரியும்.

வாகனத்தை எடுக்கும்போது காசு கொடுக்க முன் மெக்கானிக்கோடு சேர்ந்து ஓடிப் பாருங்கள். எல்லாக் கியரும், ரிவேர்ஸும், ஓர் ஏற்றமும், ஒரு நெரிசலும் அதில் அடங்கட்டும். புதிய பிளேட் படியும்வரை இலேசான மணம் வருவது வழமை. முதல் சில நூறு கிலோமீற்றருக்குப் பாரம் ஏற்றாமல் மெதுவாக ஓடுங்கள்.

எழுதிக் கேட்டால் கராஜ்காரர் கோபிப்பார் என்று தயங்க வேண்டியதில்லை. ஒழுங்காக வேலை செய்பவருக்கும் அந்தத் தாள் பாதுகாப்புத்தான். வாடிக்கையாளர் கொண்டுவந்த மலிவுச் சாமானுக்கும், அவர் வேண்டாமென்று சொன்ன சீலுக்கும் பின்னர் அவர் பதில் சொல்ல வேண்டியிராது. இப்போது ஒரு கிளச் தகராறில் இருப்பவர்கள் முதலில் வேலை முடிந்த திகதியைப் பாருங்கள். மூன்று மாதம் இன்னும் கடக்கவில்லை என்றால் முறைப்பாட்டை இந்தக் கிழமையே எழுதி அனுப்புங்கள்.